கேஸ் ஸ்டேஷன் லீஸில் கையெழுத்துப் போடும் முன்: நிலத்தடி டேங்க் கசிந்தால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷனை லீஸுக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் வாடகை எவ்வளவு, கேலனுக்கு எத்தனை சென்ட் நிற்கும், கடைக்குள் மாதம் எவ்வளவு ஓடும் என்றெல்லாம் விசாரித்து முடித்திருப்பீர்கள். தரைக்கடியில் கிடக்கும் டேங்க் யாருடையது, இன்றைய தேதியில் அந்த மண் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் எழுத்தில் பிடித்துவிட்டீர்களா? அது இல்லாமல் சாவியை வாங்கினால், முன்னால் நடத்தியவர் விட்டுப்போன கசிவுக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரிடும்.

மண் மட்டும் நனைந்திருந்தால் சில பத்தாயிரம் டாலரில் வேலை முடியலாம். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் ஒரு லட்சம் டாலரில் தொடங்கி பத்து லட்சத்தையும் தாண்டும். குடிநீரில் பென்சீனுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பு 5 பிபிபி, அதாவது நூறு கோடியில் ஐந்து பங்கு. ஒரு சிறிய ஒழுகலே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கீழே சொல்வதெல்லாம் இபிஏ (மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) வைத்திருக்கும் விதிகளை, அதாவது மத்திய விதித் தொகுப்பில் 40 சி.எஃப்.ஆர். பகுதி 280ஐ, அடிப்படையாகக் கொண்டது. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம். அதனால் உங்கள் மாநிலத்தில் சுற்றுச்சூழல் வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் லீஸைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு, கடை வாடகை ஒப்பந்தம் மட்டும் எழுதிப் பழகிய வக்கீல் இதற்குப் போதாது. நிலத்தை வாடகைக்கு விடுபவராக இருந்தாலும் படியுங்கள், பாதி ஆபத்து உங்களுடையது.

1. டேங்க் யாருடையது என்று ஆவணத்தில் பாருங்கள்

சட்டம் இரண்டு பேரைப் பிடிக்கிறது. ஒருவர் ஓனர், அதாவது டேங்கின் சொந்தக்காரர். நிலத்தின் சொந்தக்காரர் வேறு ஆளாக இருக்கலாம். இன்னொருவர் ஆபரேட்டர், டேங்கின் தினசரி இயக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் அல்லது அதற்குப் பொறுப்பானவர். லீஸ் எடுத்து நடத்தும் நீங்கள் ஆபரேட்டர், அதில் சந்தேகமே வேண்டாம். “டேங்க் என்னுடையது இல்லையே” என்று சொல்லி விலக முடியாது. அரசு யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடம் முழு வேலையையும் கேட்கலாம்.

ஒரே ஸ்டேஷனில் பெரும்பாலும் மூன்று கைகள் இருக்கும்: நில உரிமையாளர், நடத்துபவர், எரிபொருள் கொண்டுவரும் ஜாபர். டேங்கையும் பம்பையும் ஜாபர் தன் செலவில் போட்டு, சப்ளை ஒப்பந்தம் முடியும்வரை தன் பெயரிலேயே வைத்திருக்கலாம். ஆகவே வாய்ப்பேச்சை விட்டுவிட்டு இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

மாநில டேங்க் பதிவுச் சான்று (அதில் ஓனர், ஆபரேட்டர் பெயர்களும் ஃபெசிலிட்டி எண்ணும் இருக்கும்), முந்தைய லீஸ்கள் எல்லாம், எரிபொருள் சப்ளை ஒப்பந்தம், டேங்க் கைமாறியிருந்தால் அதன் விற்பனைப் பத்திரம். இன்னொன்றும் கேளுங்கள்: வருமான வரிக் கணக்கில் டேங்குக்கு யார் தேய்மானம் காட்டுகிறார் என்று. “அது என்னுடையதே இல்லை” என்று சொல்பவர் அதற்குத் தேய்மானம் எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நில உரிமையாளர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. குத்தகைக்காரர் போட்ட டேங்க். லீஸில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். நிலத்தோடு பதிந்த பொருள் நிலத்தோடு சேர்ந்தது என்ற வாதத்தில் டேங்க் உங்கள் தலையில் வந்து நிற்கும்.

இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து தரையில் உள்ள ஃபில் மூடிகளையும் (லாரி எரிபொருள் இறக்கும் வாயின் மூடி), சுவரோரம் அல்லது கேனபிக் கம்பத்தோரம் மேலே போகும் வென்ட் (காற்றுப்போக்கி) குழாய்களையும் எண்ணுங்கள். பதிவில் மூன்று டேங்க் இருக்க, வெளியே நான்காவது ஃபில் மூடி தெரிந்தால் நின்று விசாரியுங்கள். பழைய மெக்கானிக் ஷெட் இருந்த ஸ்டேஷன்களில் கழிவு எண்ணெய் டேங்க் மறந்துபோய்க் கிடக்கும், அதற்கும் இதே சட்டம்தான். கட்டடத்தைச் சூடாக்கும் எண்ணெய் டேங்குக்கு மத்திய விதியில் விலக்கு உண்டு, ஆனால் மாநில விதி பிடிக்கலாம். 1984 நவம்பர் 8க்கு முன்பே பயன்பாடு நின்ற டேங்க் என்றால், நிறுத்துவதற்குச் சற்று முன் யாருடையதோ அவரே சட்டப்படி ஓனர்.

2. மண்ணின் இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

பணத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் வெட்டுவது இந்தப் படியைத்தான். நான் சொல்வேன், வாடகையில் பேரம் பேசுங்கள், இதில் பேசாதீர்கள்.

ஃபேஸ் ஒன் ஆய்வு ஏஎஸ்டிஎம் இ1527-21 என்ற தரத்தின்படி நடக்கும். பழைய வரைபடங்கள், அரசுக் கோப்புகள், அக்கம்பக்கத்து வரலாறு, நேரடிப் பார்வை இவ்வளவுதான், மண்ணைத் தோண்ட மாட்டார்கள். சுமார் 2,000 முதல் 5,000 டாலர், இரண்டு மூன்று வாரம். கேஸ் ஸ்டேஷனுக்கு ஃபேஸ் ஒன் செய்தால் “கசிவுக்கு வாய்ப்பு உண்டு” என்றுதான் வரும். ஆகவே ஃபேஸ் டூவுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். அதில் துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். துளை எண்ணிக்கையைப் பொறுத்து 10,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும். கையில் அறிக்கை வர ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

துளைகள் எங்கே என்பதைக் கன்சல்டன்டிடம் நீங்களே கேளுங்கள். ஃபில் மூடிகளுக்கு அருகே, பம்புகள் நிற்கும் ஒவ்வொரு டிஸ்பென்சர் தீவுக்கும் பக்கத்தில், குழாய் போகும் வழியில், நிலத்தடி நீர் ஓடும் திசையில் எல்லையோரம், பழைய டேங்க் இருந்த குழி தெரிந்தால் அங்கே. எட்டத்தில் நாலு துளை போட்டு “சுத்தம்” என்று எழுதிய அறிக்கை பிற்பாடு உங்களைக் காப்பாற்றாது.

இந்தப் படியில் நான்கு பொறிகள்:

முதலாவது, அறிக்கை யார் பெயரில் என்பது. நில உரிமையாளர் முன்பு எடுத்ததைக் கொடுத்தால், அதை நம்பி நடக்கும் உரிமையை உங்களுக்கும் தருவதாகக் கன்சல்டன்டிடம் கடிதம் வாங்குங்கள்.

இரண்டாவது, வயது. ஃபேஸ் ஒன்னின் முக்கியப் பகுதிகள் 180 நாளுக்கு மேல் பழையதானால் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது பெரியது. “ஃபேஸ் ஒன் செய்துவிட்டால் வாங்குபவருக்குச் சட்டப் பாதுகாப்பு” என்று புரோக்கர்கள் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு, மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் என்ற மத்தியச் சட்டத்தில் உள்ளது. அந்தச் சட்டமோ பெட்ரோலியத்தை வெளியே வைத்திருக்கிறது. பெட்ரோல் கசிவில் உங்களைக் காப்பது மாநிலச் சட்டமும் உங்கள் லீஸும்தான். மிச்சிகனில் பிஇஏ என்ற அடிப்படை ஆய்வை இடம் கைக்கு வந்த 45 நாளுக்குள் முடித்து, 6 மாதத்துக்குள் மாநிலத் துறையிடம் கொடுத்தால் பழைய மாசுக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். குத்தகைக்கு நடத்துபவரும் இதைச் செய்யலாம். 46வது நாள் போனால் கிடைக்காது. நியூ ஜெர்சியின் ஸ்பில் சட்டமோ “எந்த வகையிலேனும் பொறுப்பானவர்” எல்லோரையும் சேர்த்தே பிடிக்கும்.

நான்காவது, துளையில் மாசு தெரிந்தால் அரசுக்குச் சொல்லும் கடமை உடனே தொடங்கிவிடும். நில உரிமையாளர் துளையிட விட மாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். யார், எத்தனை மணி நேரத்தில் தகவல் சொல்வது என்று ஆய்வுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒத்துவராதவரின் இடம் வேண்டாம்.

மாநிலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். “மேல் நடவடிக்கை தேவையில்லை” என்ற கடிதம் இருந்தால் மகிழ்ந்துவிடாமல் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். “இந்த நிலத்தில் கிணறு தோண்டக் கூடாது, தரைத்தளத்தை உடைக்கக் கூடாது” போன்ற நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. லீஸில் எழுத வேண்டிய வரிகள்

இதை முதலில் மனதில் வையுங்கள்: லீஸில் நில உரிமையாளரும் குத்தகைதாரருமாக நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது உங்கள் இருவருக்குள் மட்டும். அரசை அது கட்டுப்படுத்தாது. “எல்லாப் பொறுப்பும் குத்தகைதாரருக்கே” என்று எழுதியிருந்தாலும் டேங்க் ஓனரை அரசு கூப்பிடும். அவர் செலவு செய்துவிட்டு உங்களிடம் கேட்க அந்த வரி உதவும், அவ்வளவே.

டேங்க், குழாய், டிஸ்பென்சர், ஏடிஜி (டேங்கில் உள்ள அளவைத் தானே அளக்கும் கருவி) ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம், லீஸ் முடியும்போது யாருக்குப் போகும், யார் செலவில் எடுக்கப்படும் என்று தனித்தனி வரியாக வேண்டும். ஃபேஸ் டூ அறிக்கையை லீஸோடு இணைப்பாகச் சேர்த்து, “இந்தத் தேதிக்கு முன்பிருந்த மாசு இது” என்று இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு முந்தையது நில உரிமையாளர் பொறுப்பு, பிந்தையது உங்கள் பொறுப்பு என்று பிரியுங்கள். தேதி தெரியாத கசிவு வந்தால் யார் நிரூபிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவதே அங்கேதான்.

டிரிபிள் நெட் லீஸ் என்றால் எல்லாமே குத்தகைதாரர் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். வரி, காப்பீடு, பராமரிப்பு சரி. 30 வருடப் பழைய டேங்கை மாற்றுவதும் பழைய மாசைச் சுத்தம் செய்வதும் பராமரிப்பா? லீஸில் வெளிப்படையாக விலக்கவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் ஆமாம் என்பார்.

நில உரிமையாளரின் பக்கம்: நேற்றுப் பதிவு செய்த, கையிருப்பு எதுவும் இல்லாத ஒரு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தரும் இழப்பீட்டு உறுதியால் பயன் இல்லை. தனிநபர் உத்தரவாதம், எஸ்க்ரோவில் (மூன்றாம் தரப்பு வசம்) பணம், காப்பீட்டில் உங்கள் பெயரையும் சேர்ப்பது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். முன்னறிவிப்போடு உள்ளே வந்து பரிசோதனைப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையும், லீஸ் முடிந்த பிறகும் சுத்தப்படுத்தும் வேலைக்காக இடத்துக்குள் வர இரு தரப்புக்கும் அனுமதியும் எழுதிக்கொள்ளுங்கள்.

குத்தகைதாரரின் பக்கம்: பழைய மாசைச் சுத்தம் செய்யத் தளத்தைத் தோண்டும்போது கடை மூடிக் கிடக்கும். அந்த நாட்களுக்கு வாடகை இல்லை என்று எழுதி வாங்காதவர்கள் மூடிய கடைக்கு மாதாமாதம் காசோலை கொடுக்க வேண்டியதுதான்.

4. காப்பீடும் மாநில நிதியும்

பெட்ரோல் விற்கும் இடங்களுக்கு ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் பொறுப்பை ஏற்க வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது மத்திய விதி. 100 டேங்க் வரை வைத்திருப்பவருக்கு வருட மொத்தமும் 10 லட்சம். ஓனரும் ஆபரேட்டரும் வேறு வேறு ஆளானால் ஒருவர் காட்டினால் போதும். ஆனால் காட்டவில்லை என்றால் இருவருமே பொறுப்பு. “அவர் எடுத்திருப்பார்” என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஸ்டேஷன்கள் உண்டு. சான்றிதழை ஒவ்வொரு வருடமும் கண்ணால் பாருங்கள்.

கடைக்கு எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் மாசு விலக்கப்பட்டிருக்கும். டேங்குக்கென்று தனி பாலிசி வேண்டும். அதில் பார்க்க வேண்டியது ரிட்ரோஆக்டிவ் தேதி. அந்தத் தேதிக்கு முன்பு தொடங்கிய கசிவுக்குப் பணம் வராது. கம்பெனி மாற்றும்போது வருடத்துக்குச் சில நூறு டாலர் குறைகிறதே என்று புதிய தேதியோடு பாலிசி எடுத்தால், பழைய வருடங்கள் அத்தனையும் காப்பீடு இல்லாமல் போய்விடும். பழைய தேதியையே தொடரச் சொல்லுங்கள். பாலிசி முடிந்தாலும், முடிவதற்கு முன் தொடங்கிய கசிவை 6 மாதத்துக்குள் தெரிவித்தால் ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 6 மாதத்தை நாட்காட்டியில் குறியுங்கள். பிரீமியம் கட்டாததற்காக ரத்து செய்ய 10 நாள் அறிவிப்பு போதும்.

சில மாநிலங்களில் சுத்தப்படுத்த உதவும் நிதி இருக்கிறது. முதலில் உங்கள் பங்குத் தொகை, பிறகு அவர்கள்; அதுவும் பதிவு, கட்டணம், பரிசோதனை எல்லாம் ஒழுங்காக இருந்தால். டெக்சஸில் 1998 டிசம்பர் 22க்குப் பிறகு தெரியவந்த கசிவுகளுக்கு மாநில நிதி கிடையாது, அங்கே காப்பீட்டை நம்பித்தான் ஆக வேண்டும்.

5. சாவி வாங்கிய முதல் 30 நாள்

டேங்க் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் 30 நாளுக்குள் உரிமை மாற்ற அறிவிப்பை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். ஏ வகுப்பு (விதிகளுக்குப் பொறுப்பானவர்), பி வகுப்பு (தினசரிப் பராமரிப்பைப் பார்ப்பவர்) ஆபரேட்டர்கள் பொறுப்பேற்ற 30 நாளுக்குள் பயிற்சி முடிக்க வேண்டும். கல்லாவில் நிற்பவர் சி வகுப்பு. அவருக்கு முதல் ஷிஃப்டுக்கு முன்பே பயிற்சி தர வேண்டும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேலுள்ள பெட்ரோலோ, பயோடீசல் 20 சதவீதத்துக்கு மேலுள்ள டீசலோ கொண்டுவர நினைத்தால் 30 நாள் முன்பே அறிவித்து, டேங்கும் குழாயும் அதைத் தாங்கும் என்று ஆவணம் காட்டுங்கள்.

பதிவோ பரிசோதனையோ தவறினால் அபராதத்துக்கு முன்பே ஒன்று நடக்கும். ஃபில் குழாயில் சிவப்பு அட்டை மாட்டி, லாரி எரிபொருள் இறக்கக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள்.

6. மாதாமாதம்

30 நாளுக்கு ஒருமுறை டேங்க் பரிசோதனை முடிவு, 30 நாளுக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்கும் ஆய்வு, வருடத்துக்கு ஒருமுறை லைன் லீக் டிடெக்டர் (குழாய்க் கசிவைப் பிடிக்கும் கருவி) சோதனை, சம்ப் (குழாய் இணைப்புகள் இருக்கும் தொட்டி) ஆய்வு, 3 வருடத்துக்கு ஒருமுறை ஸ்பில் பக்கெட் (ஃபில் வாயைச் சுற்றிச் சிந்துவதைப் பிடிக்கும் வாளி), ஓவர்ஃபில் கருவி (டேங்க் நிரம்பி வழியாமல் தடுப்பது), துருப்பிடிக்காமல் காக்கும் கதோடிக் அமைப்பின் சோதனை.

ஸ்பில் பக்கெட்டை நீங்களே திறந்து பாருங்கள். மழைநீரின் மேல் வானவில் நிறப் படலம் மிதந்தால் லாரி டிரைவர் குழாயைக் கழற்றும்போது சிந்தியிருக்கிறார். போன வாரம் நிறையத் தண்ணீர் நின்ற பக்கெட், யாரும் இறைக்காமல் இன்று காய்ந்து கிடந்தால் அடியில் விரிசல். தண்ணீர் போன வழியில்தான் பெட்ரோலும் போகும்.

கருவிகளின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏடிஜியின் மாதச் சோதனை மணிக்கு 0.2 கேலன் கசிவைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது மாதத்துக்கு 144 கேலன் வரை போனாலும் “பாஸ்” என்று வரலாம். லைன் லீக் டிடெக்டர் மணிக்கு 3 கேலன் கசிவைப் பிடிக்கும். அதற்குக் கீழே கண்டுகொள்ளாமல் விடலாம். ஆகவே இறக்கியது, விற்றது, டேங்கில் மீதி மூன்றையும் தினம் எழுதிக் கணக்குப் பாருங்கள். கையிருப்புக் கணக்கு முறையில் விதி வைத்திருக்கும் அளவு, மாத ஓட்டத்தில் 1 சதவீதமும் அதோடு 130 கேலனும். மாதம் 80,000 கேலன் ஓடினால் 930 கேலன். அது பெரிய எண். நல்ல ஸ்டேஷனில் வித்தியாசம் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் அளவைத் தாண்டும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏடிஜி துப்பும் சீட்டு வெப்பத் தாளில் வருவது. கல்லாவுக்கு மேல் வெயிலில் ஒட்டிவைத்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே படம் எடுத்துச் சேமியுங்கள். கசிவுச் சோதனை முடிவுகளை ஒரு வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. நீங்கள் லீஸ் முழுவதும், முடிந்த பிறகும் வையுங்கள். “என் காலத்தில் கசியவில்லை” என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

7. சந்தேகம் வந்தால் ஓடும் கடிகாரம்

பம்பு திடீரென்று மெதுவாக ஊற்றுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் ஃபில்டரை மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். லைனில் கசிவு உணர்ந்ததும் மெக்கானிக்கல் டிடெக்டர் ஓட்டத்தைக் குறைப்பது அப்படித்தான் தெரியும். அலாரம் ஒலிப்பது, இரண்டாம் மாதமும் கணக்கு ஒத்துவராதது, டேங்கில் காரணமில்லாமல் தண்ணீர், பக்கத்துக் கட்டடத்துப் பேஸ்மென்டிலோ சாக்கடையிலோ பெட்ரோல் வாடை, இவையும் சந்தேகம்தான். கருவியே பழுது என்று தெரிந்து உடனே சரிசெய்து, அதன் பிறகு சோதனை சரியாக வந்தால் விஷயம் அதோடு நிற்கும்.

மற்றபடி மாநிலத் துறைக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 7 நாளுக்குள் சோதனை செய்து உண்டு, இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். கசிவு உறுதியானால் உடனே அந்த டேங்கை நிறுத்தி, தீ அபாயத்தைத் தடுத்து, 20 நாளில் முதல் அறிக்கை, 45 நாளில் இட ஆய்வு அறிக்கை. மேலே சிந்தியது 25 கேலனுக்கு மேல் என்றால் அதற்கும் 24 மணி நேரம்தான்.

அதே நாளில் நில உரிமையாளருக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஜாபருக்கும் எழுத்தில் தகவல் போகட்டும். தாமதமாகச் சொன்னார் என்பதே பணம் மறுக்கக் காரணமாகிவிடும். மத்தியச் சட்டம் வைத்த அபராதம் ஒரு டேங்குக்கு ஒரு நாளைக்கு 10,000 டாலர். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி இப்போது 25,000ஐத் தாண்டி நிற்கிறது.

8. செலவை மற்றவரிடம் கேட்க வேண்டுமானால்

முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு மத்தியச் சட்டத்தில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மெக்ரிக் எதிர் கேஎஃப்சி வெஸ்டர்ன் வழக்கில், நிலம் வாங்கிய நிறுவனம் பெட்ரோலிய மாசைக் கண்டு 2,11,000 டாலர் செலவழித்துச் சுத்தம் செய்துவிட்டு முந்தைய உரிமையாளர்களிடம் கேட்டது. செய்து முடித்த செலவை ஆர்சிஆர்ஏ என்ற மத்தியக் கழிவுச் சட்டத்தின் குடிமக்கள் வழக்குப் பிரிவில் திரும்ப வாங்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவு, ஆபத்து நிலுவையில் இருக்கும்போது “நீ வந்து சுத்தம் செய்” என்று கட்டாயப்படுத்தத்தான். அதற்கும் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கசிவு தெரிந்த வாரமே வக்கீல் கடிதம் போகட்டும். பணத்துக்கு லீஸின் இழப்பீட்டு வரியும் மாநிலச் சட்டமும்தான் வழி.

9. வெளியேறும்போது

லீஸ் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். நுழையும்போது துளையிட்ட அதே இடங்களில் மறுபடி துளையிட்டு, இரண்டு அறிக்கையையும் ஒப்பிட்டு ஒரு வெளியேற்ற ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் தொடர்ந்து ஓடப் போகிறதென்றால் பதிவில் உங்கள் பெயர் ஆபரேட்டராக நீடிக்காமல் மாற்றிவிட்டு, மாற்றிய நகலை வாங்குங்கள். இதை மறந்தவருக்கு அடுத்தவர் கசிவின் நோட்டீஸ் வரும்.

ஸ்டேஷனை மூடுவதானால் டேங்கில் 1 அங்குலத்துக்கு மேல் மிச்சம் இல்லாமல் காலி செய்ய வேண்டும். 3 மாதத்துக்கு மேல் மூடியிருந்தால் வென்ட் குழாய்களைத் திறந்துவைத்து மற்ற எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். நிரந்தரமாக மூட 30 நாள் முன்பே அறிவிப்பு, பிறகு தோண்டி எடுப்பது அல்லது உள்ளே நிரப்பி மூடுவது, கூடவே மண் மாதிரி. அந்த மண் மாதிரிகளை எடுக்கும்போது நீங்களோ உங்கள் கன்சல்டன்டோ குழியருகே நின்று, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எடுத்தது என்று படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். குழியை மூடிய பிறகு அதைத் திரும்பச் சரிபார்க்க வழி இருக்காது.